மாமி பார்ப்பா

1

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், கரம்பொனில், அக்கா வீட்டு முன் அறையில் இருந்து இதை எழுதுகிறேன். ஜேர்மனியில் இருக்கும்போது ஊரைப் பற்றி எழுதுவதும், ஊருக்கு வந்தால் ஜேர்மனியைப் பற்றி எழுதுவதுமாக என் காலம் போகிறது. இருக்கிற இடத்தைக் கண்திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று என் மனைவி றெஜினா சொல்லுவாள். இந்த முறை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் மெலனியும் நானும் மட்டும் வந்திருக்கிறோம், அவளுக்கு ஊர் இதுதான் முதல் தடவை.

மெலனியின் வலது முழங்கை முழுதாக நிமிராது. பார்த்தவுடன் தெரியாது. அலுமாரியின் மேல் தட்டில் இருந்து எதையாவது எடுக்கும்போது தெரியும், ஆருக்கும் கை கொடுக்கும்போது தெரியும். ஊர்ச்சனத்துக்கு இப்படியான விஷயம் தெரிய ஒரு நிமிடம் போதும். வான் வண்டியில் இருந்து பெட்டிகளை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணை வேலிக்கு வந்துவிட்டார்.

"பிள்ளைக்குக் கை என்ன?"

"விளையாட்டிலை பட்டது அண்ணை."

"என்ன விளையாட்டு?"

"ஜியூ ஜிட்சு."

"கராத்தேயோ?"

"ஓம், அது மாதிரி ஒண்டு."

அது மாதிரி இல்லை. கராத்தேயில் குத்தும் உதையும் உண்டு. இதில் இரண்டும் இல்லை. இரண்டு பிள்ளைகள் பாயில் ஒருவரை ஒருவர் பிடித்து விழுத்தி, நிலத்தில் உருண்டு, கையையோ கழுத்தையோ மடக்கிப் பூட்டுவார்கள். பூட்டுப்பட்டவர் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் மற்றவர் உடனே விடவேண்டும். பிறகு எழும்பிக் கைகுலுக்குவார்கள். இவ்வளவையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளங்கப்படுத்த எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. மரியதாஸ் அண்ணையும் கராத்தே என்ற பதிலில் திருப்தியாகப் போய்விட்டார்.

இந்தக் குறிப்பை வாசிக்கிறவர்களில் அரைவாசிப் பேர் ஊரில் இருப்பவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உங்களைக் கேட்காமல் உங்கள் தலையில் நான் வைத்த பங்கு அது.

2

மெலனி ஏழு வயதில் இந்த விளையாட்டுக்குப் போகத் தொடங்கினாள். நாங்களாகத் தேடிப் போனதில்லை. பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை என்று ஆசிரியை கவலைப்பட்டு, ஏதாவது சங்கத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். ஜேர்மன்காரருக்குக் காய்ச்சல் வந்தாலும் சங்கம்தான் மருந்து. வீட்டுக்குக் கிட்ட இருந்த சங்கம் இது. பல்பொருள் அங்காடி ஒன்றின் கீழே, வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத ஒரு மண்டபம். பயிற்றுநர் தோமஸ். காது இரண்டும் நசுங்கிப்போன பெரிய மனிதர், கதைப்பதோ மெல்லிய குரலில்.

நான் பாண் தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்கிறேன். கிழமை நாட்களில் புதன்கிழமை மட்டும் லீவு. ஆகவே புதன்கிழமைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் என் பொறுப்பு. ஆறு வருடம் அப்படி ஓடியது.

புலம்பெயர்ந்த அப்பாமாருக்கு நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும். வீட்டில் மெலனி எங்களோடு தமிழில் கதைப்பது குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜேர்மனில் பதில் சொல்லுவாள். பிறகு பதிலும் சுருங்கி, அறைக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. ஆனால் புதன்கிழமைக் காரில் அவள் தமிழ் கதைத்தாள். ஏன் என்று எனக்குத் தெரியாது, கேட்டுக் கெடுக்கவும் நான் விரும்பவில்லை. வியர்வை காயாமல், தலைமயிர் நெற்றியில் ஒட்டியபடி, பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே வருவாள்.

"நான் அவன்ர கையை எடுத்தனான் அப்பா, அவன் குடுக்கேல்லை. பிறகு நான் காலை இஞ்சாலை போட்டு... இதுக்கு என்ன சொல்றது?"

"கணுக்கால்."

"ஓம், கணுக்காலை அவன்ர இடுப்புக்கு மேலை போட்டனான். அவன் தட்டிட்டான்."

முழங்கை, மணிக்கட்டு, விலா, பிடரி, குதிக்கால் எல்லாம் அந்தக் காரில்தான் அவளுக்கு வந்தது. 'அரசாங்கம்' என்றால் என்ன, 'மன்னிப்பு' என்றால் என்ன என்று கேட்டால் முழிப்பாள். உடம்பில் ஒரு உறுப்பு விடாமல் தமிழில் சொல்லுவாள். "இவள் டொக்டருக்குத்தான் படிக்கவேணும்" என்று றெஜினா பகிடி பண்ணுவாள். எனக்கு அவள் எதற்குப் படித்தாலும் பரவாயில்லை. அந்தக் காரும் அந்தக் கதையும் இருந்தால் போதும் என்று இருந்தது. என் மகள் என்னோடு கதைத்தது அங்கே மட்டும்தான்.

3

போட்டிக்குப் பிள்ளையை விடுவது என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் நினைப்பதுபோல் பேரைக் குடுத்துவிட்டுப் போய் நிற்பதில்லை. பிறந்த ஆண்டு, நிறை, இடுப்புப் பட்டியின் நிறம், மூன்றையும் பார்த்துப் பிரிவு போடுவார்கள். வெள்ளைப் பட்டி புதிதாக வந்த பிள்ளைகளுக்கு. அதற்கு மேலே சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள், பச்சை. மெலனி சாம்பல்.

பிரிவைத் தெரிவுசெய்வதில் அப்பாமார் இரண்டு வகை. ஒரு வகை, பிள்ளையைக் கீழேயே வைத்திருந்து பதக்கம் எடுக்கிறவர்கள். எங்கள் நகரத்தில் ஒரு தமிழ் அப்பா மகனை இரண்டு வருடம் வெள்ளைப் பட்டியில் வைத்திருந்து, நேற்று வந்த பிள்ளைகளோடு மோதவிட்டு, வீட்டுச் சுவர் முழுக்கப் பதக்கம் தூக்கினார். பேர் சொல்லமாட்டேன், அவரும் இதை வாசிப்பார். மற்ற வகை, ஒரு படி மேலே விட்டால்தான் மரியாதை என்று நினைக்கிறவர்கள். அவர்களையும் எனக்குத் தெரியும்.

தோமஸுக்கு இரண்டும் பிடிக்காது. பெற்றோர் கூட்டத்தில் அவர் ஒருமுறை சொன்னார்: பிள்ளை வென்றாலும் தோற்றாலும் ஏன் வென்றேன், ஏன் தோற்றேன் என்று அதற்கு விளங்கவேண்டும். விளங்குகிற இடம்தான் சரியான மட்டம். விளங்காமல் வென்றால் கர்வம் வரும், விளங்காமல் தோற்றால் பயம் வரும். நான் அதைத் தமிழில் றெஜினாவுக்குச் சொன்னபோது, நல்ல மனிசன், சொல்றதைக் கேளுங்கோ என்றாள்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் பக்கத்து நகரத்தில் ஒரு போட்டி வந்தது. பேர் குடுத்தோம். மருத்துவர் கடிதம், காப்புறுதி இலக்கம், படம் எடுக்கச் சம்மதம் என்று வழமையான சடங்கெல்லாம் முடிந்தது. அந்த நாட்டில் பிள்ளை விழுவதற்கும் முன்னனுமதி வேண்டும். போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது தோமஸ் தொலைபேசி எடுத்தார். மெலனியின் வயதில், அவள் நிறையில், சாம்பல் பட்டியில் வேறு பெண் பிள்ளை ஒருத்தியும் பேர் குடுக்கவில்லை. அவள் தனியே நிற்கிறாள்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, அதே வயது, அதே நிறை, அதே பட்டி ஆண் பிள்ளைகளோடு சேர்ப்பது. மூன்று பெடியள், அதில் இரண்டு பேர் எங்கள் சங்கத்துப் பிள்ளைகள். மற்றது, அவளைவிட மூத்த பெண் பிள்ளைகளின் பிரிவு. மஞ்சளும் செம்மஞ்சளும். நிறையும் அதிகம்.

"என்னைக் கேட்டால் பெடியள்தான் சரி. அதுதான் அவளுடைய மட்டம்" என்றார் தோமஸ். "ஆனால் முடிவு வீட்டில் எடுக்கவேண்டியது. அவளையும் கேளுங்கள்."

நாளைக்குச் சொல்லுகிறேன் என்று வைத்தேன்.

4

இப்போது நான் ஏன் அந்த முடிவுக்குப் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குக் கொஞ்ச மாதம் முன்னர்தான் மெலனி பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய வீடு செய்தோம். மண்டபம் எடுத்து, சேலை உடுத்தி, ஊருக்குக் கைத்தொலைபேசியில் நேரடியாகக் காட்டி. கரம்பொனில் இருந்து அக்கா முழுவதையும் பார்த்தாள், பார்த்து அழுதாள். சாப்பாட்டு நேரம் வேலணைப் பக்கத்து ஆள் ஒருவர் என்னருகே கதிரையை இழுத்துப் போட்டு, "இனியும் அந்த உருண்டு பிரள்ற விளையாட்டுக்கு விடுறியளோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் ஜேர்மனியில் இருப்பது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆனால் என் காதில் அந்தக் கேள்வி கரம்பொனில் இருந்து கேட்டதுபோல் விழுந்தது. கோயில் வாசலில் நிற்கிற சனம் கேட்டது, இறங்குதுறையில் நிற்கிற சனம் கேட்டது. அக்கா அவர்கள் நடுவில் தலைகுனிந்து நின்றாள். இந்தக் காட்சியை நானாகவே உண்டாக்கி, நானாகவே நம்பினேன்.

மெலனியின் போட்டி ஒவ்வொன்றையும் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நேரடியாகக் காட்டுவது என் வழக்கம். பெரிதாக வெல்லுகிறாளோ இல்லையோ, ஊரில் நாலு பேர் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோசம். தோமஸ் தொலைபேசி எடுத்த அன்று இரவு, வேலையால் வந்து சாப்பிடும்போது றெஜினாவிடம் சொன்னேன்.

"பெடியளோடை விட ஏலாது. அக்கா ஆக்கள் பார்ப்பினம்."

"அப்ப இந்த முறை லைவ் போடாமல் விடுங்கோவன்."

"போடாட்டிக் கேப்பினமெல்லே?"

"கேட்டா நெட் இல்லை எண்டு சொல்லுங்கோ. தோமஸ் பெடியளோடை விடச் சொல்லித்தானே சொல்றார்?"

"நீர் சும்மா இரும். அவருக்கு எங்கட சனத்தைத் தெரியுமே?"

றெஜினா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். இப்போது யோசித்தால் அவள் சொன்னது எவ்வளவு சின்ன விஷயம். கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் போதும். எனக்கு ஊர் பார்க்கவும் வேண்டும், பார்த்து ஒரு குறையும் சொல்லாமலும் இருக்கவேண்டும்.

மெலனியிடம் புதன்கிழமைக் காரில் சொன்னேன். அவள் நம்பாமல் சிரித்தாள்.

"அவங்களோடை ஒவ்வொரு கிழமையும் செய்யிறன் அப்பா. அவங்கள் பெடியள் இல்லை, என்ர பாட்னர்மார்."

"பயிற்சி வேறை பிள்ளை. இது எல்லாரும் பார்க்கிறது. மாமி பார்ப்பா."

"மாமிக்கு விருப்பம் இல்லையா?"

"மாமிக்குக் கஷ்டமா இருக்கும். ஊரிலை நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம், மாமிதானே அங்கை இருந்து கேக்கவேணும்."

மாமியை, அதாவது என் அக்காவை, அவள் அதுவரை நேரில் கண்டதில்லை. தொலைபேசியில்தான் பழக்கம். ஆர் ஊரில் இருந்து வந்தாலும் மாமி அவளுக்கென்று தனியே ஒரு பொதி குடுத்துவிடுவாள், மேலே 'என் மெலனிக் குட்டிக்கு' என்று எழுதி. அந்தப் பொதிகளின் உறைகளை அவள் எறிவதில்லை.

"சரி" என்றாள். "மாமிக்காக."

வீட்டுக்கு வந்து தோமஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தக் காரணத்தை ஜேர்மனில் எப்படிச் சொல்லுவது? சொன்னாலும் அந்த ஆள் என்னை என்னவென்று நினைப்பார்? ஆகவே வேறு ஒன்று சொன்னேன். அவளுக்கு இப்போது இருக்கிற மட்டம் போதாது, மூத்த பிள்ளைகளோடு மோதிப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றேன்.

"அவளே கேட்டாளா?"

"ஓம். அவளே கேட்டாள்."

தோமஸ் யோசித்தார். பிறகு, அவளுக்குத் துணிச்சல் இருக்கிறது, பார்ப்போம் என்றார்.

5

போட்டி நாளில் நல்ல குளிர். மண்டபத்துக்குள் நாலு பாய்கள், சுற்றிவரப் பெற்றோர், ஒலிபெருக்கியில் விளங்காத பேர்கள். எங்கள் சங்கத்துப் பெடியள் இரண்டு பேரும் வந்து மெலனியிடம் ஏன் எங்களோடு இல்லை என்று கேட்டார்கள். அவள் தோளைக் குலுக்கினாள்.

எதிர்த்து நின்ற பிள்ளை லேனா. உயரம், நீண்ட கைகள், செம்மஞ்சள் பட்டி. நல்ல பிள்ளை. தொடங்க முன்னர் மெலனியைப் பார்த்துச் சிரித்தாள். நான் கைத்தொலைபேசியை உயர்த்திக் குழுவில் இணைப்பைத் திறந்தேன். அக்கா, அத்தான், கொழும்பில் இருக்கிற சித்தி மகன், கனடாவில் இரண்டு பேர். அக்கா வணக்கம் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சின்னத் திரைக்குள்தான் பார்த்தேன். மெலனி நன்றாகத்தான் தொடங்கினாள். ஒருதரம் லேனாவை விழுத்தக்கூடச் செய்தாள். தோமஸ் பாயின் ஓரத்தில் இருந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் உருண்டு திரைக்கு வெளியே போனார்கள். நான் இரண்டு அடி நகர்ந்து அவர்களைத் திரும்பத் திரைக்குள் கொண்டுவந்தேன். அப்போது லேனாவின் கால்கள் மெலனியின் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தன, மெலனியின் வலது கை லேனாவின் நெஞ்சோடு அணைந்து நீண்டிருந்தது. மெலனி மற்றக் கையால் தட்டினாள். தட்டியது எனக்குத் தெரிந்தது. நடுவர் பாய்ந்து விழுந்ததும் தெரிந்தது. லேனா உடனே விட்டாள். ஆனால் இடையில் ஒரு சத்தம் கேட்டது.

திரையில் அந்த நேரம் அக்காவின் இதயக்குறிகள் மேலே பறந்துகொண்டிருந்தன. கரம்பொனில் இணைப்பு மெதுவானது. பிள்ளை லேனாவை விழுத்தியதைப் பார்த்து அவள் அனுப்பியவை அப்போதுதான் வந்துசேர்ந்தன. மெலனி நிலத்தில் கிடந்து கத்துகிறாள், என் கையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு இதயங்கள். அதை அணைக்க எனக்கு விரல் வரவில்லை.

யாரிலும் பிழை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். லேனா அழுதாள். அவளுடைய தாய் வந்து என் கையைப் பிடித்தாள். தோமஸ் மருத்துவமனையில் எங்களோடு காத்திருக்கும்போது விளங்கப்படுத்தினார். சாம்பல் பட்டிப் பிள்ளைகள் கையை நீட்ட நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் மற்றப் பிள்ளை உணர்ந்து தட்டிவிடும். மேல் மட்டத்தில் அந்த இடைவெளி இல்லை. மெலனி உணர்ந்தவுடன் தட்டினாள். உணர்ந்தபோது முடிந்துவிட்டது.

பிறகு அவர் கட்டிலில் இருந்த மெலனியின் பக்கம் திரும்பி, உன்னுடைய துணிச்சலை நான் மதிக்கிறேன், ஆனால் நீ கேட்டாய் என்பதற்காக நான் ஓம் என்றிருக்கக்கூடாது, பிழை என்னுடையது என்றார்.

மெலனி என்னைப் பார்த்தாள். வலியில் முகம் வெளிறிப்போய் இருந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோப்பி எடுக்க வெளியே போனதும், "நான் கேட்கவில்லை" என்றாள் ஜேர்மனில். "நான் ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை." அன்றில் இருந்து அவள் என்னோடு தமிழில் கதைக்கவில்லை.

6

முழங்கை விலகி, தசைநார் அறுந்து, சத்திரசிகிச்சை, பிறகு மாதக்கணக்காகப் பயிற்சி வைத்தியம். கை முழுதாக நிமிராது என்று வைத்தியர் அமைதியாகச் சொன்னார். எழுதலாம், சாப்பிடலாம், நீந்தலாம். திரும்பவும் பாயில் இறங்கலாமா என்று நான் கேட்டேன். அவளுக்கு மனமிருந்தால் கவனமாக இறங்கலாம் என்றார்.

மனம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு புதன்கிழமை அவளே உடுப்பை எடுத்து வைத்தாள். போனோம். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அவள் பாயில் கால் வைக்காமல் சுவரோர வாங்குப் பலகையில் இருந்து முழுவதையும் பார்த்தாள். ஒரு பெடியன் வந்து கையை நீட்டிக் கூப்பிட்டான், அவள் எழும்பவில்லை. திரும்பி வரும்போது, இனிப் போகமாட்டேன் என்றாள். தோமஸ் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கதைத்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

புதன்கிழமை லீவு இன்னும் எனக்கு இருக்கிறது. அதை மாற்றும்படி தொழிற்சாலையில் கேட்கலாம், கேட்கவில்லை. வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்க்கிறேன். அவள் தன் அறையில். உப்பு எடுத்துத் தா என்பதைக்கூட ஜேர்மனில் சொல்லுகிறாள். றெஜினா கோபித்து, கெஞ்சி, கடைசியில் களைத்துவிட்டாள்.

ஊருக்குப் போய்வந்தால் பிள்ளை மாறும் என்றது றெஜினாதான். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் என் பக்கம் இருந்தது. மெலனி என் பொய்யை வெறுத்தாளே தவிர, காரணத்தை நம்பினாள். மாமிக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று தானாக ஒத்துக்கொண்டவள். அப்பா கோழை, ஆனால் அப்பா பயந்த விஷயம் உண்மை. அந்த அளவுக்காவது எனக்கு ஒரு நியாயம் அவளிடம் இருந்தது.

7

இங்கே வந்ததும் அவள் மாமியோடு தமிழில் கதைத்தாள். தாராளமாகக் கதைத்தாள். நான் முன் அறையில் இருந்து, குசினியில் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மீன் வெட்டும்போது செவுள், செட்டை எல்லாம் கேட்டுப் படித்தாள். நான் உள்ளே போனால் கதை குறையும். ஆகவே போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அக்காவின் கடைசி மகள் நிரோவுக்கும் மெலனிக்கும் ஒரே வயது. மூன்றாம் நாள் பின்னேரம் நிரோ பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள். எங்கே என்று கேட்டேன்.

"ஜூடோவுக்கு மாமா. நீங்களும் வாங்கோ, மெலனியும் வரட்டும்."

நிரோ ஜூடோ செய்வது எனக்கு அதுவரை தெரியாது. ஊர்காவற்றுறையில் ஒரு பழைய கட்டடம். யாழ்ப்பாணத்தில் இருந்து மண்டைதீவு வழியாக மோட்டார்சைக்கிளில் வருகிற இளைஞர் ஒருவர் பயிற்றுவிக்கிறார். பாய்களின் ஓரம் பிய்ந்து, நாடாவால் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக. நிரோ தன்னைவிட ஒரு பிடி உயரமான பெடியனின் கழுத்துப்பட்டியைப் பிடித்து, இடுப்பைக் குடுத்து, தூக்கிப் போட்டாள். போட்டு அவன் மேலேயே படுத்து அமத்தினாள். கதவடியில் நின்ற தாய்மார் கைதட்டினார்கள். அந்தப் பெடியனின் தாய், "சோறு தின்னடா எண்டாக் கேட்டாத்தானே" என்று மகனைப் பேசினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"பெடியளோடை சேத்தே விடுறவை?"

"பின்னை? தனித்தனியா விடுறதுக்கு இஞ்சை பிள்ளையள் எங்கை கிடக்கு தம்பி? எல்லாரும் உங்கட நாடுகளுக்குப் போட்டினம். இருக்கிறதுகளைச் சேத்துத்தான் விடவேணும்."

"சனம் ஒண்டும் சொல்றேல்லையே?"

"என்னத்தைச் சொல்றது? போன மாசம் போட்டியிலை இவள் ஒரு பெடியனைத் தூக்கிப் போட, அத்தான் விசிலடிச்சவர். சாமியார் ஞாயிற்றுப் பூசையிலை பேர் சொல்லிப் பாராட்டினவர்."

அக்கா பெருமையாகச் சொன்னாள். மெலனி எங்களுக்கு அந்தப் பக்கம் வாங்கில் இருந்தாள். கேட்டிருப்பாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

நான் விட்டுவிட்டுப் போன ஊர் ஒன்றை ஜேர்மனியில் பக்குவமாக வைத்துப் பாதுகாத்து, அதற்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன். அந்த ஊரில் இப்போது ஆளில்லை. நான் போனதாலும், என்னைப்போல் மற்றவர்கள் போனதாலும், இங்கே மிஞ்சின பிள்ளைகள் ஆண் பெண் பார்க்காமல் ஒரே பாயில் உருளுகிறார்கள். வெளிநாட்டில் தம்பி, தங்கை இருக்கிறவர்கள் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். உங்கள் பேரைச் சொல்லி அங்கே என்னென்ன தீர்மானம் நடக்கிறதென்று உங்களுக்கே தெரியாது.

8

அடுத்த நாள் மெலனி சாட்டிக் கடற்கரைக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். நிரோவை வரவேண்டாம் என்றுவிட்டாள். ஓட்டோவில் போனோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பங்கள் தண்ணீருக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தள்ளிப்போய் மணலில் இருந்தோம். அவள் தமிழில் தொடங்கினாள். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த தமிழ். எனக்குக் கண் கலங்கியது, விஷயம் என்னவென்று தெரிந்திருந்தும்.

"அப்பா, நீங்க மாமியோடை ஒவ்வொரு கிழமையும் ஃபோன் கதைக்கிறனீங்கதானே?"

"ஓம்."

"அந்தக் கிழமையும் கதைச்சனீங்க?"

"கதைச்சனான்."

"மாமியிட்டைக் கேட்டனீங்களா?"

"கேக்கேல்லை பிள்ளை."

"ஏன்?"

கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா, அத்தான் கடலுக்குப் போனவரா என்று அந்தக் கிழமையும் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்று இருந்தேன்.

"நான் மாமிக்காகச் செய்தனான்" என்றாள். "மாமிக்கு அது தேவையில்லை. அப்ப ஆருக்காகச் செய்தனான்?"

அவள் அழவில்லை. சத்தம் போடவில்லை. ஜேர்மனியில் கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு ஒருநாள் கோபம் ஆறும், ஆறினால் திரும்பி வருவாள் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன். சாட்டியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் ஆறித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அங்கே எனக்கென்று ஒன்றும் மிஞ்சி இருக்கவில்லை. மணலைத் தட்டிவிட்டு எழும்பினாள். போவோம் என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேசையில் இருந்தோம். இடியப்பமும் மீன் குழம்பும் சொதியும். அத்தான் நிரோவின் அடுத்த போட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். மெலனி திடீரென்று கேட்டாள்.

"மாமி, நான் பெடியனோடை சண்டை பிடிச்சா உங்களுக்கு வெக்கமா இருக்குமா?"

அக்கா கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். "எனக்கோ? எனக்கேனம்மா வெக்கம்? ஆர் உனக்கு உப்பிடிச் சொன்னது?"

நான் கையில் எடுத்த இடியப்பத்தோடு இருந்தேன். மெலனி என் பக்கம் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. சும்மா கேட்டனான்."

அக்காவுக்கு அது போதவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அங்கை உங்கட ஆக்கள் இப்பவும் உப்பிடிக் கதைக்கிறவையோ தம்பி?"

"இருக்கினம் சில பேர்" என்றேன்.

"விசர்ச் சனம்" என்றாள் அக்கா.

ஓம் என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்படி சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன்.